சுடர் இருக்கட்டும், புகை குறையட்டும்: இயற்கை மெழுகுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரம் பற்றி மூத்தோருக்கான நலப் பாடம்



காலையில் சாமி மேடையில் ஒரு விளக்கு, வெள்ளிக்கிழமையில் சாம்பிராணி, மாலையில் கொசுவர்த்தி. நம்மில் பலருடைய வீட்டில் இதுதான் வழக்கம். இப்போது இவற்றோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. “இயற்கை மெழுகுவர்த்தி”, “பூர்வகுடி மூலிகை மெழுகுவர்த்தி”, “மன அமைதி தரும் மெழுகுவர்த்தி” என்ற பெயர்களில் பேரங்காடியிலும் இணையத்திலும் பலவற்றை விற்கிறார்கள். பிள்ளைகள் அன்போடு வாங்கித் தருகிறார்கள். நாமும் ஏற்றுகிறோம்.

இவற்றில் எது நல்லது, எதில் கவனம் தேவை என்பதே இந்தப் பாடம். விளக்கேற்றுவதை நிறுத்தச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. விளக்கு நம் வாழ்வின் ஒரு பகுதி. அதை மூச்சுக்கும் கண்ணுக்கும் வீட்டுக்கும் தீங்கு வராமல் ஏற்றுவது எப்படி என்று சேர்ந்து பார்ப்போம்.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் உங்களால் இவற்றைச் செய்ய முடியும்:

• இயற்கைப் பொருளின் புகையும் நுரையீரலைப் பாதிக்கும் என்பதை விளக்கலாம்.
• டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க மெழுகுவர்த்தி போதுமா என்று முடிவு செய்யலாம்.
• “காது மெழுகுவர்த்தி” ஏன் வேண்டாம் என்று பிறருக்குச் சொல்லலாம்.
• பேரப்பிள்ளைகளைக் கற்பூரத்திலிருந்து காக்கலாம்.
• வீட்டில் தீ விபத்தைத் தவிர்க்கலாம், தீக்காயத்துக்குச் சரியான முதலுதவி செய்யலாம்.

பகுதி 1: இந்த மண்ணின் மரங்களும் வெளிச்சமும்

மின்சாரம் வருவதற்கு முன் மரங்களே நமக்கு வெளிச்சம் தந்தன. தமிழ்நாட்டில் இலுப்பை எண்ணெய், ஆமணக்கு எண்ணெய், புன்னை எண்ணெய் ஆகியவற்றால் விளக்கேற்றினார்கள். புன்னை கடற்கரையோரத்தில் வளரும் மரம். அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் விளக்குக்கு ஆகும், சமையலுக்கு ஆகாது.

அந்தப் புன்னை மரத்துக்கு மலாயில் பெனாகா லாவுட் என்று பெயர். 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கிய கடல்முனையை உள்ளூர் மக்கள் தஞ்சோங் பெனாகா என்று அழைத்தார்கள். அதாவது புன்னை முனை. அந்த இடத்தில்தான் பின்னர் ஜார்ஜ்டவுன் எழுந்தது. நம் பக்கத்தில், செபராங் பிறையின் வடக்கே, பெனாகா என்ற பெயரில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய கரையின் பெயரிலேயே அவர்களுக்குப் பழக்கமான விளக்கெண்ணெய் மரம் இருந்திருக்கிறது.

இந்த நாட்டின் பூர்வகுடி மக்களான ஓராங் அஸ்லி காட்டு மரங்களை நன்றாக அறிந்தவர்கள். செங்கால், மெராந்தி போன்ற மரங்களிலிருந்து வடியும் டாமார் என்ற பிசினைச் சேகரித்து, பனையினத்து ஓலையில் சுற்றிப் பந்தமாக எரித்தார்கள். நமக்குத் தெரிந்த குங்கிலியம் போன்ற பிசின்தான் அது. இங்கிருந்து மிக அருகில் வாழும் ஓராங் அஸ்லி மக்கள், கெடாவின் பாலிங் வட்டாரத்தில் இருக்கும் கென்சியு இனத்தவர்.

கற்பூரத்தின் கதையும் இந்த வட்டாரத்துக் கதைதான். பழங்காலத்தில் மிக உயர்வாகக் கருதப்பட்ட கற்பூரம் சுமத்திரா, போர்னியோ, ஜொகூர் காடுகளில் வளரும் காப்பூர் மரங்களிலிருந்து வந்தது. எல்லாக் காப்பூர் மரத்திலும் கற்பூரம் கிடைக்காது. எந்த மரத்தில் இருக்கும் என்று காட்டை அறிந்தவர்களுக்கே தெரியும். ஜொகூரின் ஜாக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது அன்றாடச் சொற்களைத் தவிர்த்து, அதற்கென்றே இருந்த தனி மொழியில் பேசினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம் கற்பூர வாணிபத்துக்குப் பேர்போனது. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அது ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினருடையது.

சாம்பிராணியை மலாயில் கெமெஞான் என்கிறார்கள். சுமத்திராவில் இன்றும் மரப்பட்டையைக் கீறி இந்தப் பிசினை எடுக்கிறார்கள். அகில் கட்டை இங்கே காஹாரு. மரம் காயப்பட்டுப் பூஞ்சை தொற்றிய பிறகுதான் அதில் மணமுள்ள பிசின் உருவாகிறது. நாம் குழம்புக்கு அரைக்கும் புவா கெராஸ் கொட்டையிலும் எண்ணெய் அதிகம். ஹவாய்த் தீவின் பூர்வகுடியினர் அந்தக் கொட்டைகளைத் தென்னை ஈர்க்கில் கோத்து, மெழுகுவர்த்தியைப் போலவே எரித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் டாமார் பந்தத்தை எரித்தது பெரும்பாலும் திறந்த வெளியிலும் காற்றோடும் குடிசையிலும். நம் பாட்டி தோட்டத்து லயத்தில் சாம்பிராணி போட்டபோதும் பலகைச் சுவர் இடுக்கிலும் கூரை இடுக்கிலும் புகை வெளியேறியது. இன்று நாம் அடுக்குமாடி வீட்டில், சன்னலை மூடி, காற்றாடியையோ குளிர்சாதனத்தையோ போட்டுக்கொண்டு அதே பொருளை எரிக்கிறோம். பொருள் பழையதுதான். வீடு மாறிவிட்டது, நமக்கும் வயதாகிவிட்டது.

பகுதி 2: “இயற்கை” என்றால் தீங்கில்லாததா?

எந்தப் பொருள் எரிந்தாலும் புகை வரும். புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும். சில இரத்தத்திலும் கலக்கும். அதனால் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்களுக்குப் பாதிப்பு கூடுகிறது. துகள் மரப்பிசினிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை.

கற்பூரம் மிச்சமில்லாமல் எரிகிறது என்று சொல்வோம். தட்டில் மிச்சம் இருக்காது, உண்மைதான். ஆனால் சாமி மேடைக்கு மேலே உள்ள சுவரையும் கூரையையும் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கரி எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கை நாமும் மூச்சில் இழுத்திருக்கிறோம்.

கொசுவர்த்திச் சுருளின் நிலை இன்னும் மோசம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். சிகரெட்டைத் தொடாத பாட்டியும் மூடிய அறையில் கொசுவர்த்தி வைத்துப் படுத்தால் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்.

சாம்பிராணிக்குக் கரி நெருப்பு வைக்கிறோம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் சேர்ந்தால் தலைவலி, மயக்கம் வரும், உயிரும் போகலாம். கரி நெருப்பு உள்ள தூபக்காலை ஒருபோதும் மூடிய படுக்கையறையில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டால், தேன்மெழுகு, சோயா மெழுகு, செம்பனை மெழுகு, பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் என்று பல வகை உண்டு. எந்த மெழுகானாலும் திரி நீளமாக இருந்தாலோ காற்றில் சுடர் ஆடினாலோ கரிப்புகை வரும். மெழுகின் வகையைவிட, திரியை எப்படி வைக்கிறோம், அறையில் காற்றோட்டம் எப்படி என்பதே முக்கியம். வாசனை சேர்த்த மெழுகுவர்த்தி சிலருக்கு இருமலையும் தலைவலியையும் கொண்டுவரும். வாசனை மூலிகையிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் இது நடக்கலாம்.

பகுதி 3: ஓர் எடுத்துக்காட்டு உரையாடல்

கீழே வருவது கற்பனை உரையாடல். ஆனால் இதுபோன்ற பேச்சு பல வீடுகளில் நடக்கக்கூடியதே. வீட்டுக்கு வந்த தாதிக்கும் ஒரு பாட்டிக்கும் நடந்ததாக வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய்.

தாதி: பாட்டி, தாத்தாவுக்கு ராத்திரி இருமல் எப்படி இருக்கு?

பாட்டி: அப்படியேதான் இருக்கு மிசி. வெள்ளிக்கிழமை ராத்திரி ரொம்ப. பம்ப் இரண்டு தடவ அடிச்சாதான் அடங்குது.

தாதி: வெள்ளிக்கிழமை மட்டும் அதிகமா? அன்னிக்கு வீட்டுல என்ன செய்வீங்க பாட்டி?

பாட்டி: சாம்பிராணி போடுவேன். அது எங்க அம்மா காலத்துப் பழக்கம். அப்புறம் மக ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக் குடுத்தா. காட்டு மூலிகையாம், மூச்சுக்கு நல்லதாம். அதான் தாத்தா படுக்குற ரூம்ல ஏத்தி வெப்பேன். கொசு வருமேன்னு சன்னல சாத்திடுவேன்.

தாதி: தாத்தாவுக்கு நல்லது செய்யணும்னுதான் ஏத்துறீங்க, புரியுது பாட்டி. ஆனா அந்தப் புகையே தாத்தாவுக்கு இருமலக் கிளப்பலாம். ஒரு நாலு வாரம் சோதிச்சுப் பார்ப்போமா?

பாட்டி: சாம்பிராணியே போடக் கூடாதுங்கிறியா?

தாதி: அப்படிச் சொல்ல மாட்டேன். விளக்கு ஏத்துங்க. சாம்பிராணிய வாசல் பக்கம் கொஞ்சமா போடுங்க. தாத்தா அந்த நேரம் பின்னால இருக்கட்டும். படுக்குற ரூம்ல மட்டும் எதுவும் எரிய வேண்டாம். இருமல் வந்த ராத்திரியெல்லாம் காலண்டர்ல ஒரு புள்ளி வெச்சுட்டு வாங்க. அடுத்த தடவ வரும்போது சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

பாட்டி: சரிம்மா. சாமி கோவிச்சுக்காது. தாத்தா நல்லா தூங்கினா எனக்கும் அதுதான் வேணும்.

இந்தக் காலண்டர் முறையை நீங்களும் செய்து பார்க்கலாம். நான்கு வாரம் படுக்கையறையில் எதையும் எரிக்காமல், இருமல் வந்த இரவுகளைக் குறித்து வையுங்கள். அந்தக் காலண்டரை அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும். மருத்துவர் சொல்லாமல் இன்ஹேலரையோ மாத்திரையையோ நிறுத்த வேண்டாம்.

பகுதி 4: செராய் வாங்கி மெழுகுவர்த்தியும் டிங்கியும்

செராய் வாங்கி என்பது நாம் சமைக்கும் செராய்க்கு உறவான புல். அதன் எண்ணெய் மணத்தைக் கொசு விரும்பாது என்பது பழைய அறிவு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எண்ணெயைத் தோலில் பூசுவதும் மெழுகில் கலந்து எரிப்பதும் ஒன்றல்ல. மெழுகுவர்த்தியின் மணம் காற்றில் கலைந்துவிடும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனையில், இந்த வகை மெழுகுவர்த்தி ஏடிஸ் கொசுவை விரட்டவில்லை.

பினாங்குக்கு இது சின்ன விஷயமல்ல. நம் நாட்டில் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் முதன்முதலில் பதிவானது 1962-ல், பினாங்கில்தான். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் மாலையிலும் அதன் நடமாட்டம் அதிகம். இரவில் மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றினால் அதைத் தடுக்க முடியாது. மூத்தோருக்கு, அதிலும் நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கு, டிங்கி கடுமையாகலாம்.

மெழுகுவர்த்தியை விடப் பலன் தருவது இது:

• வாரத்துக்கு 10 நிமிடம் வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைத் தேடி ஊற்றிவிடுங்கள். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். அதனால்தான் வாரம் தவறாமல் செய்ய வேண்டும்.
• பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, சாமி மேடையில் உள்ள பூச்சாடி ஆகியவற்றை மறக்காதீர்கள்.
• குளியலறைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
• பகலில் தூங்கினாலும் கொசுவலை கட்டுங்கள். சன்னலுக்கு வலை போடுங்கள்.
• டீட் கலந்த கொசு விரட்டியை, அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துத் தோலில் பூசுங்கள்.

காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் மட்டும் எடுக்கலாம். ஐபுபுரொஃபென் போன்ற வலி மாத்திரை டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்திலும் ஆபத்து வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

பகுதி 5: காதில் மெழுகுவர்த்தி வேண்டாம்

உள்ளே துளையுள்ள ஒரு மெழுகுத் திரியைக் காதில் நட்டு, மேல் முனையைப் பற்றவைப்பார்கள். அது காதழுக்கை இழுத்து எடுக்கும், தலைவலியைப் போக்கும் என்பார்கள். இதை அமெரிக்கப் பூர்வகுடியினரான ஹோப்பி மக்களின் பழைய மருத்துவம் என்று சொல்லி விற்றார்கள். ஹோப்பி மக்களோ, இது எங்கள் வழக்கமே இல்லை, எங்கள் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று மறுத்தார்கள். ஒரு பூர்வகுடியின் பெயரை ஒட்டிவிட்டால் ஒரு பொருள் பழைய அறிவாகிவிடாது.

1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எரியும் திரி காதழுக்கை இழுப்பதே இல்லை என்று அளந்து காட்டினார்கள். சிலருடைய காதில் மெழுகுதான் புதிதாகப் படிந்திருந்தது. அதே ஆய்வில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் 122 பேரைக் கேட்டபோது, இதனால் ஏற்பட்ட 21 காதுக் காயங்கள் தெரியவந்தன. திரி எரிந்த பிறகு உள்ளே தெரியும் பழுப்பு நிறப் பொருளைக் காதழுக்கு என்று காட்டுவார்கள். அது எரிந்த மெழுகு. காதில் வைக்காமல் எரித்தாலும் அதே பொருள் இருக்கும். 2010-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

காது மந்தமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். வயதான காலத்தில் காதழுக்கு கட்டியாகி அடைப்பது சாதாரணம். அரசாங்கக் கிளினிக்கில் காதுக்குள் பார்த்து, செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு, மருந்து விட்டு இளக்கி எடுப்பார்கள். அடைப்பு இல்லை என்றால் கேட்கும் திறனைச் சோதிக்க அனுப்புவார்கள். தீக்குச்சி, கொண்டை ஊசி, சூடான எண்ணெய் எதையும் காதில் போடாதீர்கள்.

பகுதி 6: கற்பூரமும் பேரப்பிள்ளைகளும்

இன்று கடையில் விற்கும் சூடக் கட்டி பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாராவது. வெள்ளையாக, சின்னதாக, மிட்டாய் போல இருக்கும். சிறு குழந்தை ஒன்றை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். பொங்கலுக்குச் சிட்டிகை போடும் பச்சைக் கற்பூரத்தையும் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். பூசைச் சூடத்தை எந்தக் காரணத்துக்காகவும் உணவிலோ கைமருந்திலோ சேர்க்காதீர்கள்.

ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ள குழந்தைகள் நம் நாட்டில் பலர் உண்டு. அதனால்தான் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பாச்சை உருண்டை மிகவும் ஆபத்து. அதன் ஆவியைச் சுவாசித்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரலாம். கற்பூரத் தைலத்தையும் இவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறோம். அலமாரியில் பாச்சை உருண்டையோடு மடித்து வைத்த பழைய சேலையில் பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டாதீர்கள்.

குளித்த குழந்தையின் தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மிகவும் சிறியது. நல்ல துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே போதும். பாட்டியின் அன்பு அதில் குறையாது.

குழந்தை கற்பூரத்தை விழுங்கிவிட்டால்:

1. வாயில் மிச்சம் இருந்தால் துடைத்து எடுங்கள்.
2. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விட்டால், வலிப்பு வரும்போது புரையேறும்.
3. வலிப்போ மயக்கமோ இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.
4. குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சூடப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.
5. ஆலோசனைக்குத் தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. இந்த மையம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

பகுதி 7: தீயும் தீக்காயமும்

வயது ஏறும்போது கருகும் மணம் சீக்கிரம் தெரியாது. நீரிழிவு இருந்தால் கால் விரலில் சுட்டாலும் உணர்வு குறைவு. குனிந்து நிமிரும்போது தலை சுற்றும். ஆகவே விளக்கு இருக்கும் இடத்தை இன்றே ஒருமுறை பாருங்கள்.

• விளக்கையும் மெழுகுவர்த்தியையும் அசையாத உலோகத் தட்டில் வையுங்கள். திரைச்சீலை, காகிதம், மாலை எதுவும் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டாம்.
• ஏற்றுவதற்கு முன் மெழுகுவர்த்தித் திரியை ஏறக்குறைய அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். புகை குறையும்.
• சேலை முந்தானையை இடுப்பில் செருகுங்கள். கைலியையும் துண்டையும் சுடரிலிருந்து தள்ளி வையுங்கள்.
• தரையில் விளக்கு வைத்துக் குனிவதைவிட, இடுப்பு உயர மேடையில் வைப்பது நல்லது.
• அறையை விட்டுப் போகும்போதும் தூங்கும் முன்பும் அணைத்துவிடுங்கள்.
• எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்தால் உலோக மூடியால் மூடுங்கள். அடங்காவிட்டால் வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருந்தால் இது மிக முக்கியம். ஆக்சிஜன் துணியிலும் முடியிலும் படுக்கையிலும் ஊறி நிற்கும். ஒரு பொறி பட்டாலும் நொடியில் பற்றும். ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம். குறைந்தது 3 மீட்டர் தள்ளியே சுடர் இருக்கட்டும். முடிந்தால் வேறு அறையில் இருக்கட்டும். அந்த அறையில் சாமி படத்துக்கு மின்கல விளக்கு வைக்கலாம். முகத்தில் தைலமும் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பும் பூசிக்கொண்டு ஆக்சிஜன் குழாயை மாட்டாதீர்கள்.

தீக்காயம் பட்டால்:

1. குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம்.
2. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
3. பற்பசை, கிச்சாப், எண்ணெய், மாவு எதையும் தடவாதீர்கள்.
4. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சின்னக் காயத்தையும் காட்டிவிடுங்கள்.

பகுதி 8: வாங்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. என்ன எரிகிறது? மெழுகு என்ன, வாசனை என்ன என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா?
2. நோயைக் குணப்படுத்தும் என்கிறதா? ஆஸ்துமா, சர்க்கரை, காது நோய், புற்றுநோய் குணமாகும் என்று ஒரு மெழுகுவர்த்தி சொன்னால் நம்பாதீர்கள். மருந்துக்கான விளம்பரத்தை நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண்ணின் முடிவில் டி என்ற எழுத்து இருக்கும்.
3. யாருடைய அறிவு என்று சொல்கிறது? எந்தப் பூர்வகுடி, எந்தச் செடி, எந்த ஊர் என்று சொல்லாமல் “பழங்குடி ரகசியம்” என்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு.
4. என் வீட்டில் யார் இருக்கிறார்? ஆஸ்துமாக்காரர், ஆக்சிஜனில் இருப்பவர், கைக்குழந்தை இருந்தால் நல்ல மெழுகுவர்த்தியும் அந்த வீட்டுக்கு ஆகாது.

மணம் மனதுக்கு அமைதி தருகிறது என்றால் அதில் தவறில்லை. அதற்கு எரிக்கவே வேண்டும் என்றில்லை. ஒரு கொத்துத் துளசி, மல்லிகைச் சரம், கசக்கிய செராய் இலை ஆகியவை புகையில்லாமல் மணம் தரும்.

பயிற்சி: சரியா, தவறா?

குடும்பத்தோடு உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். விடை கீழே.

1. மூலிகைப் புகை நுரையீரலுக்குத் தீங்கு செய்யாது.
2. செராய் வாங்கி மெழுகுவர்த்தி ஏற்றினால் தேங்கிய நீரைப் பற்றிக் கவலை வேண்டாம்.
3. காது மெழுகுவர்த்தியின் உள்ளே தெரியும் பழுப்புப் பொருள் எரிந்த மெழுகு.
4. கற்பூரம் விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்க வேண்டும்.
5. தீக்காயத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.
6. ஆக்சிஜன் ஓடும் அறையில் சின்ன அகல் விளக்கு மட்டும் ஏற்றலாம்.

விடை: 1. தவறு. 2. தவறு. 3. சரி. 4. தவறு. 5. சரி. 6. தவறு.

நிறைவாக

டாமார் பிசினைப் பந்தமாக்கியவர்களும், கற்பூர மரத்தைத் தேடிக் கண்டவர்களும், புன்னைக் கொட்டையை ஆட்டி விளக்கேற்றிய நம் முன்னோரும் ஒரு பொருளை எங்கே, எவ்வளவு, எப்போது பயன்படுத்துவது என்று அறிந்திருந்தார்கள். அந்த அளவறிதல்தான் நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இந்த வாரம் இதை மட்டும் செய்யுங்கள். படுக்கையறையிலிருந்து எரியும் பொருள்களை எடுத்துவிடுங்கள். விளக்கேற்றும்போது ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். சூடப் பெட்டியையும் பாச்சை உருண்டையையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மூச்சுத்திணறல், விடாத இருமல், காது மந்தம் எதுவாக இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள்.

இந்தக் கையேட்டைப் படித்த பின் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் மூத்தோருக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டலாம்.